நூல் நடக்கிற தெரு

நூலுக்குக் கால் உண்டான்னு எங்க கல்லாங்காட்டுல வந்து யாராச்சும் கேட்டா, கேட்ட ஆளைத்தான் மேலயும் கீழயும் பாப்பாங்க, ஏன்னா எங்கூர்ல கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும் நூல் நடக்கும்னு, அதுவும் டீக்கடை மாதேசன் மொதல் பாலைக் காய்ச்சி எறக்குற நேரத்துக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து கெளம்பி, கோழித்தீவன மண்டியைத் தாண்டி, மாரியம்மன் கோயில் மதிலை ஒட்டிக்கிட்டு, சாக்கடைப் பக்கம் போகாம, யாருகிட்டயும் வழி கேக்காம, நேராப் போயி பரிமளம் வூட்டு வாசப்படி ஏறும்னு. நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரிய ஞாயமில்ல, அதனால சொல்றேன். ஆனா நடுவுல நிறுத்தி அதெப்படிங்கன்னு கேக்கக் கூடாது. எப்படின்னு எங்களுக்கும் தெரியாது, நாங்க கேட்டுக்கவும் இல்ல. எதுக்குன்னு மட்டுந்தான் தெரியும்.

எங்க சங்கத்துக்குப் பேரு பெருசா ஒண்ணு இருக்குது, போர்டுல எழுதி மாட்டியிருக்கோம், ஊர்ல ஒரு சனமும் அதைச் சொல்றதில்ல, முட்டைக் குடோன் சங்கம்னுதான் சொல்லுவாங்க. கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் முட்டை அடுக்கி வச்சிருந்த மாடி அது, அவர் பெரிய எடத்துக்கு மாறிப் போனப்ப சும்மா கெடக்குற மாடிதான அம்மிணிங்களா, வச்சுக்குங்கன்னு விட்டுட்டுப் போனாரு. ஞாயித்துக்கெழமை மதியம் சோறுண்டுட்டு அங்க கூடுவோம். எங்கள்ல நெசவுக் குடும்பத்துல பொறந்தவ ஒருத்திகூடக் கெடையாது. நான் இந்திராணி, மாவு மில்லு வச்சிருக்கேன். தவமணி பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குறவ. பரிமளம் லேப்ல ரத்தம் எடுக்குறவ. இப்படிப்பட்டவங்க ஒண்ணு சேந்து ராசிபுரத்துல இருந்து பழைய தறி வாங்கியாந்து, மாடிப்படில அது ஏறாம செவுத்தை இடிச்சு ஏத்தி, ஒருத்தி போன்ல பாத்து ஒண்ணு கத்துக்கிட்டா, இன்னொருத்தி சம்பந்தி ஊருக்குப் போன எடத்துல வாயக் குடுத்து ஒண்ணு கேட்டுட்டு வந்தா, செம்மறி மயிரைத் திரிக்கிறதும் கோரையை நனைக்கிறதும் சாயம் காய்ச்சுறதும் இப்படித்தான் எங்க கைக்கு வந்துச்சு.

சங்கத்துக்குன்னு சட்டம் எழுதி வைக்கல, ஆனா ரெண்டு வழக்கம் உண்டு. புதுசா எது தெரிஞ்சுக்கிட்டாலும் அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்துடணும், தனக்குன்னு ஒளிச்சு வச்சுக்கிட்டா கை கட்டிப்போகும்னு பேச்சு. இன்னொண்ணு, தறி மேல யாரு துணி இருந்தாலும் சரி, மாடி ஏறி வந்தவ செருப்பைக் கழட்டிட்டு, மொதல்ல அதுல நாலு ஓட்டு நாடா ஓட்டிட்டுத்தான் உக்காரணும். நாடான்னா, குறுக்கால போற ஊடை நூலைச் சுமந்துக்கிட்டு, நீளவாக்குல கட்டுன பாவுக்குள்ள இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுமே, படகுமாதிரி மரக்கட்டை, அது. இதுக்குக் 'கை வைக்கிறது'ன்னு பேரு. அதனால எங்கள்ல யாரு வூட்டுத் துணிய எடுத்து விரிச்சாலும் அதுல எல்லாத்து கையும் இருக்கும். என்ற சேலை, என்ற துண்டுன்னு சொல்லிக்குவோம். என்ற நூலுன்னு மட்டும் அப்பெல்லாம் அந்த மாடில ஒருத்தி வாயிலயும் வந்ததில்ல.

சுகந்தி எங்கூருக்கு வந்தது கன்னத்து வீக்கத்தோட. கரூர்ப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தாங்க, புருசன்காரன் குடிச்சா அடிப்பான், குடிக்காட்டியும் அடிப்பான். அவ விட்டுட்டு வந்தப்ப பொட்டியும் தையல் மிசினும் ஏத்திட்டு வர ஒரு வண்டி கெடைக்கல. பரிமளத்து வூட்டுக்காரரு சின்னராசு, வடக்க முட்டை லோடு ஓட்டுறவரு, திரும்பி வர்ற வழியில காலி லாரியைக் கொண்டுபோயி நிறுத்தி, அந்தப் புருசன்காரன் பாத்துக்கிட்டு நிக்கும்போதே தன் தோளுல மிசினைத் தூக்கி ஏத்திக் கொண்டாந்தாரு. வாடகை கேக்கல. டீ வாங்கித் தர்றேண்ணான்னு அவ சொன்னதுக்கு, மொதல்ல நீ வயித்துக்குத் தின்னு புள்ளேன்னாரு. பரிமளந்தான் அவளைக் கையப் புடிச்சு எங்க மாடிக்குக் கூட்டியாந்தா.

அப்பப் பரிமளமும் கத்துக்குட்டிதான். சின்னராசு ராவெல்லாம் வண்டியில குளுருல கெடக்குறாருன்னு ஒரு அகலப் போர்வை நெய்யணும்னு அவளுக்கு ஆசை. அகலப் போர்வைய ஒருத்தி நெய்ய முடியாதுங்க, கை எட்டாது. தறிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பலகை போட்டு உக்காந்து, இவ நாடாவைத் தள்ள அவ புடிக்கணும், அவ தள்ள இவ புடிக்கணும். பரிமளம் இந்தப் பக்கம் உக்காந்தா, சுகந்தி அந்தப் பக்கம் உக்காந்தா. தள்ளுனா, புடிச்சா, தள்ளுனா, புடிச்சா. அந்தச் சத்தத்துலதான் சுகந்தி மொகத்து வீக்கம் எறங்குச்சுன்னு நாங்க சொல்லுவோம். அந்தப் போர்வையத்தான் சின்னராசு வருசக்கணக்கா வண்டியில போத்திக்கிட்டாரு. ஒரு நா நாக்பூர் தாண்டி ஒரு வளைவுல வண்டி கவுந்துச்சு. மனுசன் பொணமா வந்தாரு. கூட வந்ததுல கிழிசல் இல்லாம வந்தது அந்தப் போர்வை ஒண்ணுதான். டீசலும் பீடியும் அவர் தலை எண்ணெயும் கலந்து அடிக்கும் அது. பரிமளம் அதைத் தொவைக்கல. அதுக்குள்ள மொகத்தை வச்சுக்கிட்டுத்தான் தூங்குவா, ஊருக்கே தெரியும், எப்ப தொவைப்பேன்னு ஒருத்தரும் அவளைக் கேட்டதில்ல.

துக்கத்தைச் சில பேரு அழுது கழிப்பாங்க, சில பேரு கோயில் கோயிலாப் போவாங்க, பரிமளம் வாழைநாரைப் புடிச்சுக்கிட்டா. காவிரிக்கரைத் தோப்புல தார் வெட்டிட்டுப் போட்ட மரத்தை உரிச்சு நார் எடுத்து, வடிகஞ்சில ஊற வச்சு, நெழல்ல காய வச்சு, பஞ்சோட சேத்துத் திரிச்சா, அறுந்துச்சு, மறுபடி திரிச்சா, மறுபடி அறுந்துச்சு, எதை எதையோ சேத்துப் பாத்து, எப்படி எப்படியோ முறுக்கிப் பாத்து, கடைசியா ஒரு நூல் வந்துச்சு பாருங்க, இழுத்தா அறுகாது, சித்திரை வெய்யில்ல கட்டிக்கிட்டாலும் பானைத்தண்ணி மாதிரி சில்லுன்னு இருக்கும். மனுசன் செத்ததுக்கு அப்பறம் அவ மொகத்துல அன்னைக்குத்தான் சிரிப்பைப் பாத்தேன். அந்த ஞாயித்துக்கெழமையே எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்துட்டா. நானுங் கத்துக்கிட்டேன், தவமணியுங் கத்துக்கிட்டா, சுகந்தியும் பக்கத்துல உக்காந்து ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டுக் கத்துக்கிட்டா.

சுகந்தி பஸ் ஸ்டாண்டுகிட்டக் கடை போட்டா. நாங்கதான் போயிக் கூட்டித் தொடைச்சு, கோலம் போட்டு, வாழை மரங் கட்டி விட்டோம். பொழைக்கட்டும்னு மனசாரத்தான் செஞ்சோம். கொஞ்ச நா கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழமை ஒரு வக்கீல் மாடி ஏறி வந்தாரு. ஷூவக் கழட்டிட்டு மரியாதையா உக்காந்து, நான் குடுத்த மோரையும் குடிச்சுட்டு, மீசையத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு: அந்த வாழைநார் நூலும், அதை நெய்யிற முறையும் இப்ப சுகந்தி மேடம் பேருல பதிவாயிருக்குதுங்களாம், இனிமே நாங்க அதைச் செய்யக் கூடாதுங்களாம், யாருக்குஞ் சொல்லிக் குடுக்கவுங் கூடாதுங்களாம், மீறுனா கேஸாயிருமுங்களாம். டம்ளரைப் புடுங்கித் தலைல கவுக்காம விட்டமேன்னு இன்னிக்கும் எனக்கு ஆத்தாமையா வருது.

பரிமளம் நேரா சுகந்தி கடைக்குப் போனா. நானும் கூடப் போனேன்.

"ஏஞ் சுகந்தி, அது எங்கிட்டக் கத்துக்கிட்டதுதான?" அவ்வளவுதான் கேட்டா பரிமளம்.

சுகந்தி துணியை மடிச்சுக்கிட்டே சொன்னா. "நீங்கதாங்க்கா கத்துக் குடுத்தீங்க, நான் இல்லைன்னு சொல்லவே இல்லையே. ஆனா நீங்க அதை முட்டைக் குடோன்ல போட்டு வச்சிருந்தீங்க. வர்றவ போறவளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தா அதுக்கு என்ன மதிப்பு இருக்கும்? நான் அலைஞ்சு பதிஞ்சேன். பதியாம விட்டது உங்க தப்புதான. வேணுமின்னா கடைக்கு வேலைக்கு வாங்க, மத்தவங்களைக் காட்டியும் உங்களை ஒசத்தியாப் பாத்துக்கறேன்."

உண்ட வூட்டுக்கு ரெண்டகம்னு கேட்டிருக்கேன், அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன். நான் வாயத் தொறந்து வண்டி வண்டியாத் திட்டுனேன். பரிமளம் திரும்பி வூட்டைப் பாத்து நடந்தா. அடுத்த ஞாயித்துக்கெழமை மாடிக்கு வந்தா, செருப்பைக் கழட்டுனா, தறில கை வைக்கல. நடுவுல நின்னு, லேப்ல ரத்தம் எடுத்து முடிச்சுட்டுக் கைய மடக்கிக்குங்கன்னு சொல்லுவாளே, அதே கொரல்ல சொன்னா: "என்ற நூலு எங்கெங்க இருக்குதோ, அங்கங்க இருந்து கெளம்பி என்ற வூட்டுக்கு வந்து சேரட்டும்."

சொல்லிட்டுத் தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டா. மறுநா வெடியால சுகந்தி கடை ஷட்டருக்கு அடியில இருந்து மொத நூலு வெளிய வந்துச்சு.

ஊர் அதை எப்படி எடுத்துக்கிச்சுன்னுதான நீங்க கேக்கணும். மொத நா மாதேசன் டீ ஆத்துறதை நிறுத்தி ஒரு நிமிசம் பாத்தான், அப்பறம் கடைக்கு முன்னால நின்ன பைக்கை நகத்தி வைக்கச் சொன்னான், வழி மறிக்குதுன்னு. ரெண்டாவது நா கோழிக கொத்தப் பாத்துச்சு, தின்னா செரிக்காதுன்னு தெரிஞ்சு ஒதுங்கிக்கிச்சு. டவுன் பஸ் டிரைவர் நூல் ரோட்டைக் கடக்குற வரைக்கும் நின்னு எடுத்துட்டுப் போகப் பழகிட்டாரு, லேட்டாச்சுன்னு கேட்டவங்ககிட்ட நூல் போகுதுல்லன்னு சொன்னா போதும், மறு பேச்சு இல்ல. முனிசிபாலிட்டிக்காரங்க வேகத்தடை போட வந்தப்ப அதுக்கு நடுவுல விரலகலத்துக்கு ஒரு வாய்க்கா விட்டுத்தான் போட்டாங்க, நூல் ஏறி எறங்கச் செரமப்படுமேன்னு. ஒரு ஆளு வெளையாட்டுக்குக் கத்திரியால வெட்டிப் பாத்தான். முன்பாதி பாட்டுக்குப் போச்சு, பின்பாதி கொஞ்சம் எட்டி நடந்து போயி ஒட்டிக்கிச்சு. மாரியம்மனே வரவழைக்குறான்னு கோயில்காரங்க மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க. பரிமளம் வாசல்லயே சாமியும் வேணாம் பூதமும் வேணாம்னு அதைக் கழுவிட்டுத்தான் உள்ள விட்டா. உள்ள வந்த நூலை ராட்டையில சுத்தி வச்சா. எழவு வூட்டுக்கு வந்த ஒறம்பரைச் சனத்தை உக்கார வைக்கிற மாதிரி, சிரிக்காம, பேசாம, ஆனா ஒண்ணையும் விட்டுடாம.

கடையில இருந்தது தீந்ததும், வித்துப் போனது வர ஆரம்பிச்சுச்சு. அப்பத்தான் எங்களுக்கு வயிறு குளுந்துச்சு, ஒளிக்க மாட்டேன். திருச்செங்கோட்டுல ஒரு கல்யாணத்துல, தாலி கட்டுற நேரத்துல பொண்ணு சேலை முந்தில இருந்து உருவ ஆரம்பிச்சு, கெட்டிமேளம் முடியிறதுக்குள்ள முழங்காலு வரைக்கும் போயிடுச்சாம், மாப்பிள்ளையோட அக்கா ஜமக்காளத்தை எடுத்துச் சுத்தி விட்டாளாம். கட்சிக்காரர் ஒருத்தரு மேடையில நின்னு பேசிட்டு இருக்கையில தோள்ல கெடந்த துண்டு எறங்கி மைக் வயரோட சேந்து நடந்து போயிடுச்சு, வயரை விட்டுட்டு நூலைப் புடிச்சு இழுத்த தொண்டருங்க அதுக்குப் பின்னாலயே எங்கூரு வரைக்கும் வந்து மாதேசன் கடையில டீ குடிச்சுட்டுப் போனாங்க. சிங்கப்பூருக்குப் போன சேலை ஒண்ணு வந்து சேர மாசக்கணக்காச்சு, வந்தப்ப நூலெல்லாம் உப்புப் பூத்துக் கெடந்துச்சு, பரிமளம் நல்ல தண்ணில மூணு தடவை அலசுனா. வாங்குனவங்கெல்லாம் வெறும் ஜாக்கெட்டைக் கையில புடிச்சுக்கிட்டு சுகந்தி கடை வாசல்ல நின்னு கத்துனாங்க. நாங்க அந்த வழியா வேணும்னே சுத்திக்கிட்டுப் போவோம். வேலில போன ஓணானை எடுத்து மடியில விட்டது பரிமளந்தான், இப்ப ஓணானைக் குத்துதுன்னு தவமணி சொல்ல, ரோடுன்னுகூடப் பாக்காம நின்னு சிரிச்சோம்.

ஆனா சுகந்தி சாமானியப்பட்டவ இல்லீங்க. எங்க மாடில கத்துக்கறதுல அவளை மிஞ்ச ஆளில்லன்னு நாங்களேதான் மெச்சிக்கிட்டு இருந்தோம். அவ ஷட்டரைச் சாத்திக்கிட்டு அழுதுட்டு இருக்கல, பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு நா உச்சி வெய்யில்ல கடை வாசல்ல வந்து நின்னா, எங்க எல்லாத்தையும் பாத்தா, பரிமளம் சொன்ன அதே கொரல்ல சொன்னா: "என்ற கை பட்ட நூலு எங்கெங்க இருக்குதோ, அதெல்லாம் எங்கிட்ட வந்து சேரட்டும்."

எங்க சிரிப்பு அங்கயே நின்னுச்சு. எத்தனை ஞாயித்துக்கெழமை அவ எங்க மாடி ஏறியிருப்பா, எத்தனை துணில கை வச்சிருப்பா. மறுநா தவமணி பேத்திக்குக் கட்டியிருந்த தொட்டித்துணியில அங்கங்க நூல் உருவிப் பல்லுப் போன வாய் மாதிரி ஆயிடுச்சு, கொழந்தைய எறக்கிக் கீழ படுக்க வச்சாங்க. என்ற மில்லு வாசத் திரை தொளதொளன்னு தொங்குச்சு, மாவுத் தூசியெல்லாம் ரோட்டுக்குப் போச்சு. ஒவ்வொரு வூட்டுல இருந்தும் நாலு நாலு ஓட்டு நூலு எறங்கி சுகந்தி வூட்டைப் பாத்து நடந்துச்சு. ஊர் அதையும் ஏத்துக்கிச்சு. வர்ற நூலுக்கு இந்தப் பக்கம், போற நூலுக்கு அந்தப் பக்கம்னு ஆளுங்க தாங்களாவே ஒதுங்கி நடந்தாங்க, ரெண்டு நாள்ல நூலும் எடப்பக்கமாவே போகப் பழகிக்கிச்சு.

அந்த வாரத்துலதான் போர்வை அசைஞ்சுச்சு.

மத்தத் துணில சுகந்தி ஓட்டுனது தனி, நாங்க ஓட்டுனது தனி. போர்வை அப்படியில்லையே, ஒவ்வொரு இழையும் ஒருத்தி தள்ளி ஒருத்தி புடிச்சது. அது யாரு நூலு? நூலுக்கே தெரியல. வெடியால நூல் நூலா உருவிப் பரிமளத்தோட கட்டில்ல இருந்து எறங்கித் தெருவுக்கு வரும், பாதித் தூரம் சுகந்தி வூட்டைப் பாத்துப் போகும், மாதேசன் கடைக்கு முன்னால நின்னுரும், அப்பறம் திரும்பும், பரிமளம் வாசலுக்கு வரும், படி ஏறாது, மறுபடி போகும். நாளுக்கு நா போர்வை சிறுத்துச்சு, தெருவுல நூலு பெருத்துச்சு. அந்தத் தெருவே டீசலும் பீடியும் தலை எண்ணெயுமா வாசமடிச்சுச்சு. லாரிக்காரங்க டீக்கு எறங்குனா அந்த வாசத்துக்குத் தலைத்துண்டை அவுத்துக் கையில புடிச்சுக்கிட்டு நின்னாங்க. பரிமளம் அதை எடுத்து உள்ள கொண்டாந்து பொட்டில வச்சுப் பூட்டுனா, பூட்டுத் தொளை வழியா வந்துச்சு. மடியில போட்டு உக்காந்து பாத்தா, மடியில இருந்தே எறங்குச்சு. லேப்புக்கு லீவு போட்டுட்டு அதும்பின்னாலயே வாசலுக்கும் டீக்கடைக்கும் நடந்தா. அவ மொகத்தைப் பாக்க எனக்குச் சகிக்கல.

தவமணியும் மத்தவங்களும் பரிமளம் வூட்டுக்குப் போனாங்க. "போதும் பரிமளம், அவ பட்டது போதும். நீ ஒரு வார்த்தை விட்டுக் குடுத்தா அவளும் விட்டுருவா. எங்க துணிகளும் போகுது, உன்ற போர்வையும் போகுது. அது ஒண்ணுதான அம்மிணி உனக்குன்னு இருக்குது." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நேத்து வரைக்கும் சிரிச்ச வாயி, தொட்டித்துணி போனதும் ஞாயம் பேசுதான்னு கேட்டேன். 

அப்ப வாசல்ல சுகந்தி வந்து நின்னா. இளைச்சுப் போயிருந்தா. அழுவான்னு நெனச்சேன், அழல.

"அக்கா, வாழைநார் என்னுதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லிருங்க. நீங்க கூப்புட்ட நூலு இருக்குற எடத்துலயே நின்னுரும், நான் கடையத் தொறந்துக்குவேன். அண்ணன் போர்வையில எனக்குப் பங்கு வேண்டாம்னு நானும் இங்கயே சொல்லிர்றேன். முழுசா உங்ககிட்டத் திரும்பி வந்துரும். யோசிச்சுக்குங்க. இன்னும் கொஞ்ச நாள்தான், அப்பறம் தெருவுல பூரா மெதிபட்டுப் போயிரும்."

அண்ணன் போர்வை. அந்த மனுசன் தோள்ல அவ மிசினைச் சொமந்தாரு. அவரோட வாசத்தை வச்சு இவ பேரம் பேசுறா. நான் வெளக்கமாத்தைத் தேடுனேன்.

பரிமளம் உள்ள போனா. மிச்சமிருந்த போர்வைய எடுத்தா, மேல்துண்டு அளவுக்குத்தான் இருந்துச்சு. அதுல மொகத்தை வச்சு, மூச்சை நல்லா இழுத்தா, ரொம்ப நேரம் அப்படியே நின்னா. அப்பறம் வெளிய வந்து அதைச் சுகந்தி கையில வச்சா.

"இது உன்னுது சுகந்தி. நான் தள்ளுனதும் உன்னுது, புடிச்சதும் உன்னுது. எனக்கு இதுல ஒரு இழை வேண்டாம். நீ எங்க கொண்டுபோயிப் போட்டாலும், யாருக்குக் குடுத்தாலும், இது உங்கிட்டயே வந்து சேரட்டும்."

சுகந்திக்குப் புரியல. பைத்தியம் புடிச்சிருச்சு அக்காவுக்குன்னு எங்கிட்ட மொனகிட்டு, அதை எடுத்துட்டுப் போனா. தெருவுல அலைஞ்சுட்டு இருந்த நூலெல்லாம் ஒரே மொகமாத் திரும்பி அவ பின்னால போச்சு. மாதேசன் கடை முன்னால வாசம் நின்னுபோச்சு. பரிமளம் வாசல்ல உக்காந்து, அந்த வெறுந் தெருவைப் பாத்துக்கிட்டே இருந்தா, நான் குடுத்த காப்பி ஆறிப்போயி ஆடை கட்டிடுச்சு.

அதுக்கப்பறம் சுகந்திக்கு வந்ததை நான் சொல்லணும், சொல்றதுல எனக்கு ஒரு திருப்தியும் உண்டு. அவ அந்த நூலைக் கொண்டுபோயிக் காவிரில விட்டா. மறுநா ஈரஞ் சொட்டச் சொட்ட படியேறி வந்துச்சு. தீ வச்சா, பீடி பத்த வச்ச மாதிரி கொஞ்சம் பொகஞ்சுச்சு, அவ்வளவுதான். வடக்க போற லாரி ஒண்ணுல ஏத்தி விட்டா. அது எங்கெங்க போச்சோ, செம்மண்ணும் கரிசலும் ஒட்டிக்கிட்டுப் பொடிநடையா வந்து அவ கால்மாட்டுல சுருண்டுக்கிச்சு. உக்காந்தா மடிமேல ஏறும், படுத்தா போத்திக்கும். சித்திரை மாசத்துலயும் போத்திக்கும். கடைக்கு ஆளு வந்தா மூக்கைச் சுளிச்சு, இங்க லாரி ஷெட்டு இருந்துச்சான்னு கேட்டுட்டுப் போயிருவாங்க. ஊர் இதையும் ஏத்துக்கிச்சு, எங்கூரு எதைத்தான் ஏத்துக்கல. பஸ்ஸுல அவ பக்கத்து சீட்டை நூலுக்குன்னு விட்டுருவாங்க, கண்டக்டர் அதுக்கு டிக்கெட் கேக்க மாட்டாரு. மாதேசன் அவ வந்தா ரெண்டு டீ போட்டு வைப்பான். வேணும்னு செய்யறானா, மரியாதைக்குச் செய்யறானான்னு எனக்கு இன்னும் வெளங்கல. வாடகை வாங்காம அவளைக் கொண்டாந்து சேத்த வண்டியோட வாசம் அது. அதுக்குள்ளயே அவ திங்கணும், குளிக்கணும், தூங்கணும்.

பரிமளம் மார்கழிக் குளுருல வெறும் சேலையப் போத்திக்கிட்டுப் படுத்தா. நான் ஒரு நல்ல கம்பளி கொண்டுபோயிக் குடுத்தேன், மறுநா மடிச்சு மில்லுக்குக் கொண்டாந்து வச்சுட்டா. வாழைநாரைத் திரிச்சா, நெய்தா, சொல்லிக் குடுத்தா. ஜெயிச்சுட்ட பரிமளம்னு ஒரு தடவை சொன்னேன். "ஆமாங்க்கா"ன்னா. அவ ஆமான்னு சொன்ன விதத்துக்கு அப்பறம் நான் அந்தப் பேச்சை எடுக்கல.

வக்கீல் மறுபடி வந்தாரு. பதிவு ரத்தாயிடுச்சுங்க, மேடமே எழுதிக் குடுத்துட்டாங்க, இனிமே உங்க இஷ்டம்னாரு. மோர் குடுக்கல நான்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமைதான் சுகந்தி மாடி ஏறி வந்தது. கை நெறைய அந்த நூலைச் சொமந்துக்கிட்டு வந்தா, மிச்சம் கீழப் படில தானா ஏறி வந்துச்சு. செருப்பைக் கழட்டுனா. யாரையும் பாக்காம அகலப் போர்வை நெய்த தறிக்குப் போயி, பாவு நூலைப் பூட்டி, நாடாவுல நூலை ஏத்துனா. எங்களுக்கு வெளங்கிருச்சு. திரும்பவும் போர்வையா நெய்துட்டா அது அடங்கும்னு நெனச்சிருக்கா. அடங்குனா அதைக் கொண்டுபோயிப் பரிமளத்துகிட்டயே குடுத்துரலாம். நூலா இருக்குற வரைக்குந்தான அவ மேல ஊரும்.

பலகையில உக்காந்து நாடாவைத் தள்ளுனா. பாதி பாவு வரைக்கும் ஓடி நின்னுச்சு. அந்தப் பக்கத்துப் பலகை காலி.

"யாராச்சும் ஒருத்தி அந்தப் பக்கம் உக்காருங்கக்கா"ன்னா.

அந்த மாடி ஏறி வந்து கை கேட்டவளுக்கு நாங்க இல்லைன்னு சொன்னதே கெடையாது. அதுதான் சங்கம். பரிமளம் ஜன்னல்கிட்ட உக்காந்து ராட்டை சுத்திக்கிட்டு இருந்தா, நிறுத்தல, திரும்பல. நாங்க எல்லாரும் அவளைத்தான் பாத்தோம். அவ ஒரு விரலை அசைச்சிருந்தாப் போதும், நான் ஓடியிருப்பேன். தவமணி எந்திரிக்கப் பாத்தா, அவ தொடைமேல நான் கைய வச்சு அழுத்துனேன்.

"அக்கா"ன்னா சுகந்தி இன்னொரு தடவை.

அப்பறம் அவளே எந்திரிச்சா. தறியச் சுத்தி அந்தப் பக்கம் போனா. பாவுக்குள்ள கைய விட்டு நாடாவை இழுத்துப் புடிச்சா, அந்தப் பலகையில உக்காந்து தள்ளுனா, எந்திரிச்சு சுத்தி இந்தப் பக்கம் வந்தா, இழுத்துப் புடிச்சா, உக்காந்து தள்ளுனா. ஒவ்வொரு இழைக்கும் ஒரு சுத்து. கால்ல நூலு சுத்திக்கும், அவுத்து விட்டுட்டு நடப்பா. இன்னும் ஒரு சாண் தேறல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வர்றா, சுத்துறா, வேர்த்து விறுவிறுத்துப் போயிப் பொழுதெறங்க எறங்கிப் போறா. நாங்களும் அங்கயேதான் உக்காந்து கோரை நனைக்கிறோம், சாயங் காய்ச்சுறோம், புதுசா வந்தவளுகளுக்குச் சொல்லிக் குடுக்குறோம். பாவமா இல்லையான்னு கேக்காதீங்க. இருக்குது. ஆனாலும் ஒருத்தியும் எந்திரிக்கல.